இறைச்சிக்கும் முட்டைக்கும் முன்கூட்டியே உப்பு போடலாமா?

கேள்வி மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. விடியற்காலையில் வெட்டிய மாட்டிறைச்சியை ஏழரை மணிக்கு வாங்கி வந்து, சிறு துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் புரட்டி உடனே பிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் தேங்காய்க்கொத்து போட்டு வறுத்தபோது குக்கரில் வெந்த பிறகும் மெல்ல முடியவில்லை. "மொதல்லயே உப்பு போட்டா எறச்சி வேகாது" என்பது மாமியாரின் தீர்ப்பு. கூடவே இன்னொன்று: ஆம்லெட்டுக்கு அடிக்கும்போதே உப்பு சேர்த்தால் முட்டை நீர்த்துப்போகிறதே, அது ஏன்?

இரண்டிலும் பழி உப்பின் மேல் விழுந்திருக்கிறது. முதலாவதில் குற்றவாளி பிரிட்ஜ். இரண்டாவதில் அநேகமாக உள்ளி (வெங்காயம்).

முதலில் இறைச்சி. அறுத்த உடனே தசை இறந்துவிடுவதில்லை. அதில் மிச்சமிருக்கும் ஆற்றல் தீரும்வரை அது சுருங்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். ஆற்றல் தீர்ந்தபின் இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்; அதுதான் விறைப்பு. கோழிக்கு இது ஓரிரு மணி நேரத்தில் தொடங்கிவிடும். ஆடு, மாட்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியில் இறைச்சியின் சூடு 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், இழைக்குள் அடைபட்டிருந்த கால்சியம் கசிந்து தசை தானாகவே வலுவாகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய நிலையிலேயே விறைப்பும் ஏறிவிட்டால் அதை அடுப்பு அவிழ்க்காது. நியூசிலாந்தில் லாக்கர், ஹாகியார்ட் என்ற இருவர் 1963இல் மாட்டுத் தசையில் இதை அளந்து காட்டினார்கள். அந்த நாடு ஆட்டிறைச்சியை உறையவைத்து ஏற்றுமதி செய்து வந்ததால், வேகமாகக் குளிரூட்டிய இறைச்சி ஏன் கட்டியாகிறது என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி. 'முதல் 10 மணி நேரத்துக்குள் 10 டிகிரிக்குக் கீழே இறக்காதே' என்ற தொழில்விதி அந்த ஆராய்ச்சிகளின் வழியில் வந்தது.

நீங்கள் செய்தது இந்த விதிக்கு நேர் எதிர். வெட்டி ஓரிரு மணி நேரமே ஆன இறைச்சி. எலும்பிலிருந்து பிரித்த, ஒரு அங்குலத்துக்கும் சிறிய துண்டுகள். எலும்போடு இருக்கும் தசை நினைத்தாலும் அதிகம் சுருங்க முடியாது, இரு முனையும் கட்டப்பட்டிருக்கிறது. பிரித்த துண்டுக்கு அந்தக் கட்டு இல்லை. சிறு துண்டு குளிர்வதும் வேகமாக. உப்பு போடாமல் வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நேராக ஃப்ரீசரில் வைத்திருந்தால் இன்னும் மோசம்: உறைந்து உருகும்போது ஒரேயடியாகச் சுருங்கி, சாறெல்லாம் தட்டில் கொட்டிவிடும்.

ஆகவே காலையில் வெட்டியதை அன்று காலையே சமைப்பதானால் வாங்கி வந்த கையோடு அடுப்பேற்றுங்கள். முந்தின நாளே உப்பு போட்டு வைப்பதானால் காலைக்கறி வேண்டாம். கடையில் காலையிலிருந்து முழுத்தொடையாகத் தொங்கிய இறைச்சியைச் சாயங்காலம் வாங்குங்கள். நம் ஊர் வெக்கையில் விறைப்பு சீக்கிரமே ஏறிவிடும். சாயங்காலத்துக்குள் அந்த ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். காலையில்தான் வாங்க முடியும் என்றால் எலும்போடு ஒரே பெருந்துண்டாக வாங்கி பிரிட்ஜில் வைத்து, மறுநாள் வெட்டி உப்பு புரட்டுங்கள். வெட்டிய சிறு துண்டுகளை வெளியே வைத்து விறைப்பு வரட்டும் என்று காத்திருப்பது மட்டும் கூடாது. வெட்டிய பரப்பெல்லாம் கிருமி ஏறும் இடம், 30 டிகிரி வெப்பம் அதற்குத் தோதானது.

இனி உப்புக்கு வருவோம். முன்கூட்டி உப்பு போடுவது இறைச்சிக்கு நல்லது; அதை நான் வலியுறுத்தியே சொல்வேன். துண்டின் மேல் உப்பு விழுந்த சில நிமிடங்களில் உள்ளிருந்து நீர் வெளியே வரும். பார்க்கிறவர்கள் 'சாறெல்லாம் போயிற்று' என்று பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் வந்த நீரில் உப்பு கரைந்து, அந்த உப்புநீர் மெல்ல உள்ளே திரும்பிப் போகிறது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் துண்டின் மேற்பரப்பு மறுபடி வறண்டு தெரியும். உள்ளே போன உப்பு தசை இழைகளின் புரதத்தோடு சேர்ந்து அவற்றை ஒன்றையொன்று விலக வைக்கிறது. கட்டு தளர்ந்த இழை உப்பிக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கும். அடுப்பில் புரதம் இறுகும்போது பிழிந்து வெளியேறும் நீரின் அளவு குறையும். வாயில் மென்மையாகத் தெரிவது இதனால்தான்.

இதைக் கண்டறிய உணவு அறிவியல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் 1847இல் இறைச்சியின் வேதியியல் பற்றி எழுதியபோது, உப்பிட்ட இறைச்சியிலிருந்து வடியும் நீரில் சத்தான சாறு கரைந்து போகிறது, மிஞ்சுவது சத்துக்குறைந்த நார் என்றார். மேல்புறத்தைக் கடும் சூட்டில் மூடிவிட்டால் சாறு உள்ளேயே அடைபடும் என்ற கருத்தைப் பரப்பியவரும் அவரே. இரண்டும் ஐரோப்பியச் சமையலில் வேதவாக்காயின. சாறு அடைபடும் என்பது 1930களில் எடைபோட்டுப் பார்த்த எளிய சோதனைகளிலேயே பொய்த்தது. உப்பு பற்றிய கருத்து நெடுநாள் நின்றது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. அவர் காலத்தில் உப்பிட்ட இறைச்சி என்றால் கப்பல் பயணத்துக்காகப் பீப்பாயில் உப்புக்கு நடுவே மாதக்கணக்கில் கிடந்தது. அதில் அவர் கண்டது சரிதான். கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் போடும் வீட்டுச் சமையலுக்கு அதை நீட்டியதுதான் பிழை.

உப்பின் அளவு மாறினால் விளைவே தலைகீழாகும் என்பதை முறையாக நிறுவியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் குல்ம்பாக் நகர இறைச்சி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ரைனர் ஹாம். இறைச்சியின் நீர்பிடிப்பு பற்றிய அவருடைய பெரிய தொகுப்பு 1960இல் வந்தது. பிறகு 1983இல் பிரிட்டனில் ஜெரால்ட் ஆஃபர், ஜான் டிரினிக் இருவரும் தசையின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியின் கீழே வைத்து உப்புநீரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 60 கிராம் உப்பு உள்ள நீரில் இழை தன் பருமனைப்போல் இருமடங்கு உப்பியது. அதற்கு மேல் உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் உப்பல் குறைந்து, கடைசியில் உப்புக்கண்டத்தில் நடப்பதுபோல் நீரே இழுக்கப்பட்டுவிடும். ஆக, உப்பு நீரை இழுக்கும் என்பதும் உண்மை, பிடித்துவைக்கும் என்பதும் உண்மை. எது நடக்கும் என்பதை அளவுதான் முடிவு செய்கிறது.

அந்த அளவு: எலும்பில்லாத இறைச்சி ஒரு கிலோவுக்கு 10 கிராம், அதிகம் போனால் 12. எலும்போடு உள்ள ஆட்டுக்கறி, கோழிக்கு 8 கிராம், ஏனென்றால் எலும்பு உப்பு கேட்காது. தூள் உப்பு தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 6 கிராம் நிற்கும். கல்லுப்பை டீஸ்பூனால் அளக்காதீர்கள். நம் குமரியின் புத்தளம், சாமிதோப்பு உப்பளத்துப் பெருங்கல்லுக்கும் பாக்கெட்டில் வரும் பொடிக்கல்லுக்கும் டீஸ்பூனில் கற்களுக்கு நடுவே விழும் இடைவெளி வேறு, அதனால் எடையும் வேறு. பெருங்கல் துண்டின் மேல் ஓரிடத்தில் ஒட்டி அங்கே மட்டும் கரித்துவிடும். அம்மியில் நுணுக்கியோ மிக்சியில் ஒரு சுற்று விட்டோ எடைபோட்டுப் போடுங்கள். நூறு ரூபாய்ப் பொருள் எதை வாங்கினாலும் தராசில் நிறுக்கும் நாம் உப்பை மட்டும் கைக்கணக்கில் விடுவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

நேரம் எவ்வளவு என்பது பருமனைப் பொறுத்தது. உப்பு இறைச்சிக்குள் பரவுவது மிக மெதுவாக. பரவலுக்கான விதியை அடால்ஃப் ஃபிக் 1855இல் வகுத்தார். அவர் சோதித்ததும் நீரில் உப்பு பரவுவதைத்தான். அதன்படி தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். பிரிட்ஜ் குளிரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வறுவலுக்கு வெட்டும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்கு எல்லாப் பக்கமும் உப்பு நுழைவதால் ஓர் இரவு போதும். முழுக்கோழிக்கு ஒரு முழுநாள் வேண்டும். நேரமே இல்லையென்றால் ஒரு மணி நேரம் வைத்தாலும் மேல்பாதிக்காவது பலன் உண்டு.

தவிர்க்கவேண்டிய இடைவெளி ஒன்று இருக்கிறது: உப்பு போட்டு பத்து நிமிடத்துக்கும் முப்பது நிமிடத்துக்கும் இடையில் எண்ணெயில் போடுவது. அப்போது துண்டின் மேல் நீர் நிற்கும். அது ஆவியாகி முடியும்வரை மேற்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. சிவந்து வாசம் வரும் வினை, 1912இல் லூயி கமில் மையார் விவரித்த அந்த வினை, அதற்கு மேலான சூட்டில்தான் வேகம் பிடிக்கும். கோழி பொரிப்பவர்கள், தோசைக்கல்லில் சாப்ஸ் போடுபவர்கள் ஒன்று உப்பு போட்ட கையோடு போடட்டும், அல்லது ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். குழம்புக்கும் நம் குமரி மாட்டிறைச்சி வறுவலுக்கும் இந்தக் கவலை இல்லை, முதலில் தன் சாற்றிலேயே வெந்து பிறகுதானே வறுபடுகிறது? வெளியே வந்த சாறும் சட்டிக்குள்தான் இருக்கிறது.

வறுவலை இப்படிச் செய்யுங்கள். ஒரு கிலோ இறைச்சியை முதலில் கழுவி, வடிகட்டி, துணியால் ஒற்றிவிடுங்கள். உப்புக்குப் பிறகு கழுவினால் கரைந்த புரதமும் உப்பும் சேர்ந்து போய்விடும், பலர் செய்யும் தவறு இது. பத்து கிராம் உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் புரட்டி எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ மூடி பிரிட்ஜில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்பு அரிக்கும். மறுநாள் துண்டுகள் பழுப்பாகத் தெரிந்தால் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். உப்பு இறைச்சியின் செந்நிறப் பொருளைச் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது, அவ்வளவே. பிசுபிசுப்பும் நாற்றமும்தான் கெட்டதன் அடையாளம். தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றாமல், சிறு தீயில், இறைச்சி இளசா முற்றலா என்பதைப் பார்த்து 25 முதல் 40 நிமிடம் குக்கரில் வேகவையுங்கள். தேங்காய்க்கொத்து, சின்ன உள்ளி, கறிவேப்பிலை, நல்லமிளகுப்பொடி எல்லாம் சேரும்போது அவற்றுக்கென்று இரண்டு கிராம் உப்பு மட்டும் கூட்டுங்கள். இறைச்சிக்கு ஏற்கெனவே போட்டதை மறந்து கைப்பழக்கத்தில் மறுபடி போடுவதால் கரிப்பதுதான் இந்த முறையில் அதிகம் நடக்கும் விபத்து.

வேகும் நேரத்தை உப்பு குறைக்குமா? முற்றிய உழவு மாட்டின் தொடையில் நிறைய இணைப்புத்திசு இருக்கும். அதைக் கரைப்பது சூடும் நேரமும்தான், உப்புக்கு அதில் பங்கில்லை. 'உப்பு போட்டால் வேகாது' என்ற நம்பிக்கை பருப்பு, பயறு சமையலிலிருந்து இறைச்சிக்கு வந்திருக்கலாம் என்பது என் ஊகம்; உண்மையில் பயற்றை உப்புநீரில் ஊறவைத்தால் தோல் இளகவே செய்கிறது.

புளிப்பு வேறு விஷயம். எலுமிச்சை, தயிர், வினிகர் இறைச்சியின் அமிலத்தன்மையைக் கூட்டி, புரதம் தண்ணீரை மிகக் குறைவாகப் பிடிக்கும் புள்ளிக்கு அதை இழுத்துச் செல்லும். அந்தப் புள்ளியைத் தாண்டிய புளிப்பில் உப்பின் உப்பவைக்கும் விளைவும் இல்லாமல் போகும் என்பதும் ஹாம் காட்டியதுதான். எனவே இரவில் உப்பு மட்டும். புளிப்பு சமைக்கும்போதோ, அதற்கு அரைமணி முன்போ. ஈரலுக்கு முன்கூட்டி உப்பு வேண்டாம், அதில் உப்பிக்கொள்ள தசை இழை கிடையாது. கொத்துக்கறியில் உருண்டை பிடிப்பதானால் உப்பு போட்டுப் பிசையப் பிசைய ஒட்டும், உருண்டை உடையாது. ஆனால் அதிகம் பிசைந்தால் ரப்பராகும்.

இவ்வளவு உப்பு இறைச்சியைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சதவீத உப்பு கிருமிக்கு ஒரு தடையே இல்லை. உணவை நஞ்சாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பத்து சதவீத உப்பிலும் வளரக்கூடியது. 'உப்பு போட்டாச்சு, மேடையிலேயே இருக்கட்டும்' என்று மதியம்வரை விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பதானால் பிரிட்ஜ்தான் இடம், இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். உப்பு புரட்டியதை ஃப்ரீசரில் நெடுநாள் வைப்பதும் நல்லதல்ல, உப்பு கொழுப்பைச் சீக்கிரம் காறவைக்கும். உப்புக்கண்டமும் மலையோரத்து உணக்க இறைச்சியும் கெடாமல் இருப்பதற்குக் காரணம் பல மடங்கு உப்பும், வெயிலிலோ அடுப்புப்புகையிலோ நன்றாகக் காய்ந்ததும்தான்.

இனி முட்டை. உப்பு போட்டு அடித்த முட்டை கொஞ்ச நேரத்தில் நிறம் அடர்ந்து, ஓட்டம் மாறித் தெரியும். மஞ்சள்கருவின் புரதம் நுண்மணிகளாகத் திரண்டிருக்கும். உப்பு அந்த மணிகளைக் குலைப்பதால் ஒளி ஊடுருவி நிறம் அடர்கிறது. வெள்ளைக்கருவின் கொழகொழப்பும் தளரும். இதைப் பார்த்துத்தான் 'நீர்த்துப்போச்சு' என்கிறோம். ஆனால் கல்லில் ஊற்றினால் நடப்பது நேர்மாறு. புரதங்களுக்கு இடையிலான விலக்கத்தை உப்பு குறைப்பதால் அவை சற்று முன்னதாகவே, கெட்டிப்படாமல், தளர்ந்த வலையாகச் சேர்ந்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. கிண்டிய முட்டையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்: பதினைந்து நிமிடம் முன்பே உப்பு போட்டது மெத்தென்றிருக்கும், கடைசியில் போட்டது தட்டில் தண்ணீர் விடும்.

அப்படியானால் உங்கள் ஆம்லெட்டில் நீர் எங்கிருந்து வந்தது? நறுக்கிய உள்ளி, பச்சைமிளகாய், உப்பு, முட்டை நான்கையும் ஒன்றாக அடித்து வைத்துவிடுகிறோம். உப்பு உள்ளியிலிருந்து நீரை இழுத்து முட்டைக்குள் விடுகிறது. தக்காளி சேர்த்தால் கேட்கவே வேண்டாம். உப்பை முட்டையோடு மட்டும் அடித்து வையுங்கள். உள்ளியைக் கல்லில் ஊற்றும் கணத்தில் கலக்குங்கள், அல்லது முன்னதாகக் கொஞ்சம் வதக்கிவிடுங்கள். அளவு மூன்று முட்டைக்கு, அதாவது ஓடு நீங்கலாக 150 கிராமுக்கு, கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு. அடித்த முட்டையை இந்த வெப்பத்தில் அரைமணிக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம். தீ தணிவாக இருக்கட்டும், அடித்த முட்டை 73 டிகிரி வாக்கிலேயே இறுகிவிடும். அதைத் தாண்டிப் போகப் போக வலை சுருங்கி நீரைப் பிழிந்துவிடும். அந்தச் சேதத்தை எந்த உப்பும் ஈடுகட்டாது.

முன்கூட்டி உப்பு ஆகாத இடம் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடிப்பது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு அடிக்கும்போது சிட்டிகை உப்பு சேர்க்கச் சொல்வார்கள். நுரை வர நேரம் கூடும், வந்த நுரையும் சீக்கிரம் தளரும். உப்பை மாவில் சேருங்கள். முழுமுட்டையை அவிக்கும் தண்ணீரில் போடும் உப்பு ஓடு தாண்டிச் சுவையாக உள்ளே போவதில்லை. கீறல் விழுந்தால் வெளியே வரும் வெள்ளைக்கரு சட்டென்று இறுகி அடைக்கும் என்ற அளவுக்கு உதவும்.

ஓடு தாண்டி உப்பு போகவேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஊறவேண்டும். சீனத்தில் ஆறாம் நூற்றாண்டு வேளாண் நூலிலேயே உப்பில் ஊறிய தாரா (வாத்து) முட்டைக்குச் செய்முறை இருக்கிறது. நம் பக்கம் தாரா முட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 250 கிராம் உப்பைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். கீறலில்லாத, கழுவித் துடைத்த முட்டைகளைக் கண்ணாடிப் பரணியில் அடுக்கி அந்த நீரை ஊற்றி, முட்டை மிதக்காதபடி மேலே சிறு தட்டு வையுங்கள். 25 முதல் 30 நாள். மஞ்சள்கரு நீரிழந்து கெட்டியாகி எண்ணெய் விட்டிருக்கும், வெள்ளைக்கரு திரவமாகவே இருந்து உப்பை ஏற்றிருக்கும். முழுதாக அவித்த பிறகே உண்ணவேண்டும். வெள்ளைக்கரு கடுமையாகக் கரிக்கும் என்பதால், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒருவருக்கு அரை முட்டை போதும்.